டெட் ஸ்பேஸ் ஏன் இன்னும் பயமுறுத்துகிறது: சவுண்ட் மிக்ஸிங் செய்பவனின் பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: டெட் ஸ்பேஸ் என்ற வீடியோ கேமை இத்தனை பேர் கொண்டாடுகிறார்களே, இருட்டில் ஏதோ ஒன்று கத்திக்கொண்டு பாய்வதைத் தவிர அதில் என்ன இருக்கிறது? 2008-இல் வந்ததை விளையாடலாமா, 2023-இல் வந்த ரீமேக்கை விளையாடலாமா? நடுவில் ஒரு வரி, பேய்ப்படம் பார்த்தால் இரண்டு நாள் தூக்கம் வராது என்று. நீங்கள் உண்மையில் கேட்பது அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. வெறும் திடுக்கிடல்தான் என்றால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், வேறு ஏதாவது இருந்தால் யோசிக்கலாம் என்பதுதானே கணக்கு? சரி, அந்தக் கணக்குக்கே பதில் சொல்கிறேன்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 14 வருடமாக சினிமாவுக்கும் விளம்பரங்களுக்கும் சவுண்ட் எடிட்டிங், மிக்ஸிங் செய்து வருகிறேன். கேம் எழுதும் புரோகிராமர் அல்ல. ஆகவே காதில் விழுவதைப் பற்றி நான் சொல்வது தொழிலில் இருந்து வருவது. இந்த விளையாட்டை எப்படிச் செய்தார்கள் என்பதில் அதைச் செய்தவர்களே பொதுவில் பேசியதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என் ஊகம் வரும் இடத்தில் ஊகம் என்றே சொல்கிறேன். இதை முதன்முறை முடித்தது 2010-இல், ஸ்டூடியோவில் வேலை எல்லாம் முடிந்த பிறகு, மிக்ஸிங் அறையின் ஸ்பீக்கர்களில். அதன்பின் எத்தனை முறை என்று எண்ணவில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், முடிச்சுகளைத் தொடமாட்டேன். வருடம் 2508. ஒரு கோளின் பெரிய துண்டை அப்படியே பெயர்த்து மேலே தூக்கி, அதிலிருந்து கனிமம் எடுக்கும் ராட்சதக் கப்பல் யு.எஸ்.ஜி. இஷிமுரா. அதிலிருந்து தகவல் நின்றுபோகிறது. பழுது பார்க்க ஒரு சிறு குழு போகிறது. அதில் ஒருவர் ஐசக் கிளார்க், விளையாட்டில் நீங்கள் இயக்கப்போவது இவரைத்தான். அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் ஐசக் அசிமோவ், ஆர்தர் சி. கிளார்க் இருவரிடமிருந்தும் எடுத்துச் சேர்த்த பெயர் அது. அவர் போர்வீரர் அல்ல, எஞ்சினியர். அவருடைய காதலி நிக்கோல் அந்தக் கப்பலில் மருத்துவராக இருக்கிறாள். உள்ளே போனால், செத்தவர்களின் உடல்கள் உருமாறி எழுந்து நடக்கின்றன. அவற்றுக்கு நெக்ரோமார்ஃப் என்று பெயர். அவ்வளவுதான் தொடக்கம். இதைவிட நல்ல கதையை நீங்கள் நிச்சயம் படித்திருப்பீர்கள், கதைக்காக மட்டும் யாரையும் இதற்கு அழைக்கமாட்டேன்.

இப்போது உங்கள் முக்கியமான சந்தேகத்துக்கு வருகிறேன். திடுக்கிடல் வேறு, பயம் வேறு. எங்கள் வேலையில் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் கட்டுவோம். திடுக்கிடல் உடம்பின் அனிச்சைச் செயல். சத்தம் எவ்வளவு பெரியது என்பதைவிட எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பது முக்கியம். சில நொடி அடக்கி வைத்து, பிறகு ஒரே அடியாக மேலே தூக்கினால், அது வரப்போகிறது என்று தெரிந்தவருக்கும் இமை மூடும், தோள் ஏறும். இதைச் செய்ய பெரிய திறமை தேவையில்லை. டைம்லைனில் ஐந்து நிமிட வேலை. பயம் அப்படி வராது. ஏதோ வரலாம், எப்போது என்று தெரியாது, எங்கிருந்து என்றும் தெரியாது என்ற நிலையிலேயே ஒருவரை வெகுநேரம் உட்கார வைக்க வேண்டும். டெட் ஸ்பேஸில் திடுக்கிடல் நிறையவே இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். காற்றுக்குழாயின் மூடியை உடைத்துக்கொண்டு வந்து விழும் காட்சி பத்துப் பதினைந்து முறை வந்தபின் பழகியும் போகும். ஆனால் பழகிய பிறகும் ஆறாவது மணி நேரத்தில் ஒரு காலி நடைபாதையில் நடக்க மனம் வராமல் நின்றேன். திடுக்கிடலால் அதைச் செய்ய முடியாது.

அதை எப்படிச் சாதித்தார்கள்? சினிமாவில் எங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. கதவு எந்த ஃபிரேமில் திறக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதற்கு எத்தனை ஃபிரேம் முன்னால் பின்னணி இசையை உருவ வேண்டும், எங்கே மூச்சைக் கூட எடுத்துவிட வேண்டும் என்று நாங்களே முடிவு செய்வோம். விளையாட்டில் அந்தக் கதவை நீங்கள் இப்போது திறக்கலாம், நாலு நிமிடம் கழித்துத் திறக்கலாம், திறக்காமல் திரும்பியும் போகலாம். மிக்ஸ் செய்பவர் கையில் நேரம் இல்லை. அப்படியானால் பயத்தை எங்கே வைப்பது?

ஒலிப் பிரிவின் தலைவர் டான் வெக்காவின் குழு இதற்குக் கண்டுபிடித்த வழியைப் பற்றி அவரே விளக்கிப் பேசியிருக்கிறார். ஃபியர் எமிட்டர் என்று பெயர் வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு விளக்கைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்குப் பதில் அதிலிருந்து பயம் பரவும். அது எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதை ஒரு ஜந்துவின் மேல் ஒட்டலாம், ஓர் இடத்தில் வைக்கலாம். நீங்கள் நெருங்க நெருங்க ஓர் எண் ஏறும், விலகினால் இறங்கும். அந்த எண்தான் இசையை நடத்துகிறது. இசையமைப்பாளர் ஜேசன் கிரேவ்ஸ் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே பாட்டாக எழுதாமல் நாலு அடுக்காகக் கொடுத்தார். கீழ் அடுக்கு கிட்டத்தட்ட வெறும் முனகல், மேல் அடுக்கு முழு வெறி. நாலும் எப்போதும் ஒன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். எது எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை அந்த எண் தீர்மானிக்கும். நான் நேரத்தில் வைக்கிற பயத்தை அவர்கள் இடத்தில் வைத்தார்கள். முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே உடல் சிலிர்த்தது. ஏனென்றால் அதற்கு முன் விளையாடியபோது அந்த இசை என் கால் நடைக்கு ஏற்ப மூச்சு விடுவது போல் எனக்குத் தோன்றியிருந்தது. என் கற்பனை என்று நினைத்தேன், ஆனால் இயந்திரமே அப்படித்தான் வேலை செய்திருக்கிறது.

அந்த இசையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாத்தியக்காரர்களுக்கு எல்லா இடத்திலும் இன்ன ஸ்வரம் என்று எழுதித் தரவில்லை. உன் வயலினில் எட்டக்கூடிய மேல் ஸ்வரத்தை வாசி, அங்கிருந்து மெல்லக் கீழே வழுக்கு, பக்கத்தில் இருப்பவரோடு சேராதே என்கிற மாதிரிக் குறிப்புகள் தருவார்கள். 20-ஆம் நூற்றாண்டு மேற்கத்திய இசையில் இருந்து வந்த முறை இது. ஒரு பெரிய குழு இப்படி வாசித்தால் மெட்டும் இருக்காது, தாளமும் இருக்காது. காது அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கப் பிடிப்பே கிடைக்காது. நாம் வழக்கமாக இசையை வைத்துத்தான் ஆபத்து வருகிறதா போகிறதா என்று முடிவு கட்டுவோம். இங்கே அந்தக் கைப்பிடி இல்லை. அப்புறம், சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஓடும் பார்ட் மெட்ரோ ரயிலின் கிறீச்சொலியைப் பதிவு செய்து உள்ளே பயன்படுத்தியிருக்கிறார்கள். இரும்பும் இரும்பும் உரசும் அந்த ஒலியில் மனிதக் கூச்சலின் சாயல் இருக்கும். கேட்டவுடன் ரயில் என்று யாருக்கும் தோன்றாது, பழக்கமான ஏதோ ஒன்று வலியில் கத்துகிறது என்றுதான் தோன்றும். 2009-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் இசைக்கு ஒன்றும் ஒலிப் பயன்பாட்டுக்கு ஒன்றுமாக இந்த விளையாட்டு இரண்டு விருது வாங்கியது. விருதை வைத்து எதையும் எடை போடும் பழக்கம் எனக்கு இல்லை, ஆனால் இந்த இரண்டும் போக வேண்டிய இடத்துக்குப் போனவை.

ஒரே ஒரு இடத்தை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். நாலாவது அத்தியாயத்தில் கப்பலின் வெளிப்புறத்தில் நடக்க வேண்டும். அதுவரை மணிக்கணக்காகக் கப்பலுக்குள் இருந்திருப்பீர்கள். அங்கே ஒரு கணம்கூட அமைதி கிடையாது. எங்கோ தூரத்தில் இயந்திரத்தின் உறுமல், தலைக்கு மேல் குழாயில் ஏதோ ஓடும் சத்தம், பாதி கேட்டும் கேட்காமலும் ஒரு முணுமுணுப்பு. கதவு திறக்கிறது, காற்று வெளியேறுகிறது, அத்தனையும் போய்விடுகிறது. வெற்றிடத்தில் ஒலி பரவாது என்ற பள்ளிக்கூட இயற்பியலை அப்படியே கடைப்பிடித்திருக்கிறார்கள். மிச்சம் இருப்பது ஹெல்மெட்டுக்குள் ஐசக்கின் மூச்சு, நெஞ்சுத் துடிப்பு. சுட்டால் கைவழியாக உடம்புக்குள் வருவது போல் ஒரு மங்கலான அதிர்வு. முதுகில் ஆக்ஸிஜன் நொடிக்கணக்கு இறங்குகிறது. விண்கற்கள் கப்பல் மேல் விழுந்து நொறுங்குகின்றன, வாயில் பஞ்சை அடைத்த மாதிரி. அப்போதுதான் ஒன்று உறைக்கும்: இதுவரை நம்மைக் காப்பாற்றியது காது. பின்னால் காலடி கேட்டுத் திரும்பினோம், குழாயில் உரசல் கேட்டுத் துப்பாக்கியைத் தூக்கினோம். இப்போது பின்னால் என்ன இருந்தாலும் தெரியாது. மிக்ஸிங் அறையில் உட்கார்ந்திருந்த நான் நிஜமாகவே திரும்பி என் நாற்காலிக்குப் பின்னால் பார்த்தேன். நான் எத்தனையோ காட்சிகளில் அமைதியைப் போட்டிருக்கிறேன். பார்ப்பவரிடமிருந்து ஒரு புலனையே பறிக்க அமைதியை இப்படி உபயோகிக்கலாம் என்று எனக்குக் காட்டியது அந்தச் சில நிமிடங்கள்தான்.

ஒலியைவிட்டு வெளியே வந்தாலும் இதே எண்ணம்தான் எல்லா இடத்திலும் ஓடுகிறது. சாதாரணமாக ஒரு விளையாட்டில் திரையின் ஓரத்தில் உயிரளவு ஒரு பட்டை, குண்டு எண்ணிக்கை, ஒரு வரைபடம் எல்லாம் மிதக்கும். அவை ஒருவகையில் ஆறுதல், இது விளையாட்டுத்தான் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். டெட் ஸ்பேஸில் அவை எதுவும் இல்லை. உயிரளவு ஐசக்கின் முதுகுத்தண்டில் நீல வெளிச்சமாக இருக்கிறது. குண்டு எண்ணிக்கை துப்பாக்கியின் மேலேயே ஒளியாகத் தெரிகிறது. வழி தெரியவில்லை என்றால் ஒரு பொத்தானை அழுத்தினால் தரையில் ஒரு கோடு ஓடும். பையைத் திறந்தால் ஐசக்கின் முகத்துக்கு முன்னால் ஒரு ஹோலோகிராம் விரியும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உலகம் நிற்காது. மருந்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து கடி விழும். இந்த இடைமுகத்தை வடிவமைத்த டினோ இக்னேசியோ இதைப் பற்றிப் பின்னாளில் தனி உரையே நிகழ்த்தியிருக்கிறார். கேமராவும் ஏறக்குறைய ஐசக்கின் தோளைவிட்டு அகலுவதில்லை. நிறையப் பேச்சு நீங்கள் நடக்கும்போதே நடக்கும். மனம் ஒரு நிமிடம் இளைப்பாறும் இடங்கள் என்று வழக்கமாக இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டிருக்கிறார்கள். நான் டெட் ஸ்பேஸைப் பற்றிச் சொல்ல நினைப்பதும் இதுதான். ஜந்துக்கள் பயங்கரமாக இருப்பதால் மட்டும் அது பயமுறுத்தவில்லை. நமக்கு இளைப்பாற இடமே வைக்கவில்லை, அதுதான் காரணம்.

சண்டையும் அப்படித்தான். எந்தத் துப்பாக்கி விளையாட்டும் நமக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது ஒன்று: பதற்றம் வந்தால் தலையைக் குறிவை. இங்கே தலை போனாலும் அது வந்துகொண்டே இருக்கும். கை கால்களை வெட்டினால்தான் விழும். முதல் சில நிமிடங்களில் ஐசக் கையில் ஒன்றுமே இல்லாமல் ஓடுவார். லிஃப்ட்டுக்குள் புகுந்து கதவு மூடும்போது அது கைகளை நுழைத்துப் பிளக்கும். மறுபடி கதவு அறைந்து சாத்தி அதைத் துண்டாக்கும். வெளியே வந்தால் ஒரு பணிமனை, மேஜை மேல் பிளாஸ்மா கட்டர், சுவரில் ரத்தத்தில் எழுதியிருக்கும்: அவற்றின் கை கால்களை வெட்டு. லிஃப்ட் கதவே முதல் பாடத்தை நடத்திவிட்டது என்பது என் வாசிப்பு. அப்படித் திட்டமிட்டுத்தான் வைத்தார்களா என்பதை அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் சுவர் எழுத்துக்கு முன்னாலேயே கண் அதைப் பார்த்துவிடுகிறது.

பிளாஸ்மா கட்டரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேச அனுமதியுங்கள். அது ஆயுதம் அல்ல, சுரங்கத்தில் பாறை வெட்டும் கருவி. குறிவைத்தால் ஒரே வரிசையில் மூன்று ஒளிப்புள்ளிகள் விழும். ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த வரிசை கிடைமட்டத்திலிருந்து செங்குத்தாகத் திரும்பும். கால்களை வெட்டக் கிடைமட்டம், பக்கத்தில் நீண்டிருக்கும் கத்திக் கைகளை வெட்டச் செங்குத்து. ஒன்று உங்களை நோக்கி ஓடிவரும்போது, கையா காலா, திருப்பவா வேண்டாமா என்று அரை நொடியில் முடிவெடுக்க வேண்டும். காலை எடுத்தால் நின்றுவிடும் என்று நினைத்தால் அது கைகளால் ஊர்ந்து வரும். வயிறு ஊதிய ஒன்று இருக்கிறது, அதன் வயிற்றில் தவறுதலாகச் சுட்டுவிட்டால் உள்ளிருந்து சிறியவை கொட்டும். பிணங்களை மாற்றிவிடும் ஒன்று பறந்து வரும். அது வருவதற்குள் தரையில் கிடக்கும் உடல்களை மிதித்துச் சிதைத்துவிடலாமா என்று யோசிப்பீர்கள். அப்படி யோசிப்பதே எவ்வளவு கொடுமை என்று அப்புறம்தான் உறைக்கும். கையில் கிடைத்த கருவியை வைத்து வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கின் உலகம் இது. கப்பலைக் காப்பாற்றும் வீரன் என்ற நினைப்பே வராது. ஃபியூஸ் போயிருக்கிறது, மாற்று. எஞ்சின் நின்றிருக்கிறது, ஓடவை. இந்த வேலைச் சுமையோடு பயம் கலக்கும்போது அது வெறும் பேய்ப்பயமாக இருப்பதில்லை, ஷிஃப்ட் முடியவே முடியாத ஒரு நாள் போல் இருக்கிறது.

குறைகள் இருக்கின்றன. போ, சரி செய், வா என்ற அமைப்பு எட்டாவது அத்தியாயத்துக்குள் சலிக்கத் தொடங்கும். விண்கற்களைப் பெரிய பீரங்கியால் சுடும் பகுதியை எனக்குத் தெரிந்த ரசிகர்கள் யாரும் விரும்பவில்லை, நானும்தான். கடைசியில் வரும் மிகப் பெரிய ஜந்து அளவில்தான் பெரிது, பயத்தில் சிறிது. அதைவிட ஐந்தாவது அத்தியாயத்தில் வரும் வெட்டினாலும் மறுபடி முளைக்கும் ஒன்று பத்து மடங்கு மோசம். வெட்டு என்று கற்றுக்கொடுத்த விளையாட்டே வெட்டியும் பயனில்லாத ஒன்றை அனுப்பும்போது செய்ய வேறு எதுவும் மிஞ்சுவதில்லை, ஓட வேண்டியதுதான்.

அப்புறம் எதை விளையாடுவது? முதலில் வந்ததைச் செய்தது இ.ஏ. ரெட்வுட் ஷோர்ஸ் என்ற ஸ்டூடியோ. அது பின்னர் விசரல் கேம்ஸ் என்று பெயர் மாறி 2017-இல் மூடப்பட்டது. ரீமேக்கைச் செய்தது கனடாவின் மாண்ட்ரியாலில் உள்ள மோட்டிவ் ஸ்டூடியோ. இரண்டையும் முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ரீமேக் மிக நேர்மையான வேலை. முன்பு அத்தியாயம் அத்தியாயமாக வெட்டி வைத்திருந்த இஷிமுரா இப்போது ஒரே கப்பல். டிராமில் ஏறி முன்பு போன இடத்துக்குத் திரும்பலாம். அப்படித் திரும்பும்போது விளக்கு, புகை, சத்தம், எதிரி எல்லாவற்றையும் மாற்றிப் போடும் ஒரு முறையை வைத்திருக்கிறார்கள், ஆகவே தெரிந்த இடமும் நிம்மதி தராது. தோல், தசை, எலும்பு என்று அடுக்கடுக்காக உரியும் உடல்களைப் பார்க்க மனதில் வலு வேண்டும். விண்கல் பகுதியையும் மாற்றிவிட்டார்கள், நன்றி.

பெரிய வித்தியாசம், ரீமேக்கில் ஐசக் பேசுகிறார். இரண்டாம் பாகத்திலிருந்து அவருக்குக் குரல் கொடுத்த கன்னர் ரைட்டே இதிலும் பேசியிருக்கிறார், நன்றாகவே பேசியிருக்கிறார். ஆனாலும் எனக்கு 2008-இன் பேசாத ஐசக் மேல்தான் பிரியம். அவர் வாயைத் திறக்காததால் அவருடைய உடம்பு மட்டும் பேசியது. கனத்த காலணியின் ஓசை, உயிர் குறையும்போது இரைக்கும் மூச்சு, ஒரு பெட்டியை மிதித்து உடைக்கும்போது வரும் உறுமல். அவர் என்ன நினைக்கிறார் என்று யாரும் சொல்லாததால் என் பயத்தை அவருக்குக் கொடுத்துவிட்டேன். இது ரசனை சார்ந்தது, மாறுபடலாம். பேசும் ஐசக்தான் கதைக்கு நல்லது என்று சொல்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது.

உங்களிடம் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் அல்லது எக்ஸ், இல்லாவிட்டால் ஓரளவு புதிய கம்ப்யூட்டர் இருந்தால் ரீமேக்கிலேயே தொடங்குங்கள். உங்கள் தூக்கத்தை நினைத்துத்தான் சொல்கிறேன். அதில் மனதைத் தொந்தரவு செய்யும் காட்சிகளுக்கு முன்னெச்சரிக்கை காட்டவும், அவற்றை மறைக்கவும் அமைப்புகள் உண்டு. சண்டையை மிகவும் எளிதாக்கும் கதைக்கான நிலையும் உண்டு. பழைய கம்ப்யூட்டர் என்றால் 2008-இல் வந்ததே போதும், 11 அல்லது 12 மணி நேரத்தில் முடியும். மவுஸ் சேற்றில் இழுப்பது போல் இருந்தால் பதற வேண்டாம், விளையாட்டின் அமைப்புகளில் விசிங்க் (VSync) என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள், சரியாகிவிடும். கையில் வைத்திருக்கும் ஆயுதங்களுக்கான குண்டுகள்தான் கீழே கிடைக்கும். ஆகவே நாலைந்தைச் சுமக்காமல் கட்டரையும் கூட ஒன்றையும் மட்டும் வைத்துக்கொண்டால் தட்டுப்பாடு குறையும். கட்டர் ஒன்றை மட்டுமே வைத்து முழுவதையும் முடிப்பவர்களுக்குத் தனி விருதே வைத்திருக்கிறார்கள், முதல் முறையே அதை முயல வேண்டாம்.

உங்களால் தாங்க முடியுமா என்பதற்கு என்னால் உறுதி தர முடியாது. அது ஆளுக்கு ஆள் மாறும், என் தொழிலில் 14 வருடம் இருந்தும் அதற்கு ஒரு சூத்திரம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் தொழில்முறையாகச் சொல்வேன். பயம் அதிகமானால் சத்தத்தைக் குறைக்காதீர்கள், இசையை மட்டும் குறையுங்கள். அமைப்புகளில் இசை, பேச்சு, ஒலி மூன்றுக்கும் தனித்தனி அளவு உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்தால் பின்னால் வரும் காலடியும் கேட்காமல் போய், நிலைமை இன்னும் மோசமாகும். ஹெட்போனில் விளையாடுவதைவிட முதல் இரண்டு நாள் டிவி ஸ்பீக்கரில் விளையாடிப் பாருங்கள். அறையின் இயல்பான சத்தமும் காதில் விழுவதால் நம் வீட்டில்தான் இருக்கிறோம் என்ற உணர்வு இருக்கும். மூன்றாவது அத்தியாயம் வரை வந்தும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அதற்குமேல் அது மனம் மாறி இளகப்போவதில்லை.

பிடித்துவிட்டால் 2011-இல் வந்த இரண்டாம் பாகம் இருக்கிறது. சனியின் துணைக்கோளான டைட்டனின் எஞ்சிய துண்டில் கட்டிய விண்வெளி நகரத்தில் நடக்கிறது, சண்டை இன்னும் விறுவிறுப்பு. அதில் ஐசக் இஷிமுராவுக்கே திரும்பிப் போகும் ஒரு பகுதி வரும். அங்கே முதலில் வெகுநேரம் ஒன்றுமே நடக்காது. முதல் பாகத்தை முடித்தவருக்கு அந்த ஒன்றும் நடக்காத நேரமே போதும். 2013-இல் வந்த மூன்றாம் பாகத்தில் இருவர் சேர்ந்து விளையாடலாம். எல்லா ஆயுதத்துக்கும் ஒரே குண்டு. தட்டுப்பாடு போனதும் பயமும் பாதி போய்விட்டது என்பது என் எண்ணம்.

கடைசியாக ஒன்று. முதல் பாகத்தில் 12 அத்தியாயங்கள். விளையாடும்போது அவற்றின் ஆங்கிலப் பெயர்களை ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே வாருங்கள். இணையத்தில் தேடி முன்கூட்டியே பட்டியலைப் பார்த்துவிடாதீர்கள். முடித்த பிறகு முதல் எழுத்துகளை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். முதலிலேயே எல்லாவற்றையும் உங்கள் கண் முன்னால் வைத்திருந்தார்கள் என்று அப்போது தெரியும்.